மார்க்கர் தாத்தாவும் தரவரிசை ஏணியும்: ஒரு டெனிஸ் தொழில் எப்படி உருவாகிறது?

என் தாத்தா டெனிஸ் ஆடிச் சம்பளம் வாங்கியவர். இதைச் சொன்னால் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம், தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமாரின் கிளப் ஒன்றில் அவர் மார்க்கராக இருந்தார். விடிந்ததும் புற்றுமண்ணைச் சலித்து கோர்ட்டில் தூவி, தண்ணீர் தெளித்து, இன்னொரு ஆளோடு சேர்ந்து உருளையை இழுத்து, சுண்ணாம்பால் கோடு போட வேண்டும். அது முதல் வேலை. பின்னேரம் துரை வருவார். கூட ஆட ஆள் இல்லாவிட்டால் தாத்தா எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். அது இரண்டாவது வேலை.

அந்த இரண்டாவது வேலையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பந்து தொரையோட வலது கைப் பக்கம், இடுப்பு உயரத்துக்கு வந்து நிக்கணும். அவரு அடிக்கிற அடி அவருக்கே நல்லா இருக்கணும். அதுக்குத்தாண்டா நமக்குச் சம்பளம்." அறுபது வயதுக்குப் பிறகும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் ஒரு பால்மா டின் மூடியைக் கிடத்திவிட்டு, அந்தப் பக்கத்து வேலி ஓரத்தில் போய் நின்றுகொள்வார். கையில் கிளப்பிலிருந்து கழித்துவிட்ட மர ராக்கெட், பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். பத்துப் பந்து அடித்தால் ஆறு ஏழு தடவை மூடியில் 'டங்' என்று சத்தம் கேட்கும். பிள்ளைகள் நாங்கள் ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுப்போம்.

இவ்வளவு கைத்திறன் இருந்தவர் ஏன் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை? சின்ன வயதில் எனக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை. பிறகு டெனிஸ் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்தக் கேள்விக்குள் இந்த விளையாட்டின் முழுப் பொருளாதாரமும் அடங்கியிருப்பது தெரிந்தது.

'தொழில்முறை டெனிஸ் வீரர்' என்றால் இன்று நமக்குக் கண்ணில் வருவது கோப்பையும் விளம்பரமும். 1968 வரைக்கும் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஆட்டத்துக்காகக் காசு வாங்குகிறவர், சம்பளத்துக்குக் கற்றுக்கொடுக்கிறவர் எல்லாரும் தொழில்முறைக்காரர்கள். விம்பிள்டன் உட்பட பெரிய போட்டிகளின் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. காசு வாங்காத 'அமெச்சூர்' ஆட்டக்காரர்களுக்குத்தான் அங்கே இடம். வீட்டில் சொத்து இருக்கிறவர், அல்லது சங்கம் வழிச்செலவு கொடுத்து அனுப்புகிறவர்தான் அப்படிப் பல வருடம் ஆட முடியும். தென்காசியில் வேர்விட்ட குடும்பத்தின் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். ஜாக் கிராமரின் தொழில்முறைக் குழு அவரை அழைத்தது. போயிருந்தால் நல்ல காசு, ஆனால் விம்பிள்டனும் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையும் கைவிட்டுப் போயிருக்கும். அவர் போகவில்லை. 1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில்தான் முதல் தடவையாக இரு தரப்பும் ஒரே போட்டியில் ஆட அனுமதி கிடைத்தது.

அந்தப் பழைய பொருளில் பார்த்தால், மலையகத்தின் முதல் தொழில்முறை டெனிஸ் ஆட்டக்காரர்கள் கிளப்புகளில் மார்க்கராக இருந்தவர்கள்தான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நுவரெலியா ஹில் கிளப் தொடங்கியது 1876இல். விம்பிள்டன் போட்டி முதன்முதல் நடந்தது 1877இல். அதற்குப் பிறகு கோப்பித் துரைமாரும் தேயிலைத் துரைமாரும் போன இடமெல்லாம் வலையைக் கொண்டுபோனார்கள். கிளப்பில் கோர்ட், பெரிய துரை பங்களாவில் கோர்ட். இந்த விளையாட்டு ஏறத்தாழ பிறந்த நாளிலிருந்தே நம் மலையில் இருக்கிறது. கோர்ட் போட்ட கை, பந்து பொறுக்கிய கை, துரைக்குப் பந்து போட்டுக் கொடுத்த கை எல்லாம் நம்முடையவை. வெயில் மழை பார்க்காமல் அந்தச் செம்மண்ணில் நின்றவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. இலங்கை முதல்முறை டேவிஸ் கோப்பையில் ஆடியது 1953இல். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்தவர்களின் கதை, பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. டெனிஸ் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். ஒரு டெனிஸ்காரருக்கு ராக்கெட்டுக்கு முன்னால் தேவைப்படுவது கடவுச்சீட்டு. வாரம் ஒரு நாட்டில் ஆடித்தான் புள்ளி சேர்க்க வேண்டும். என் தாத்தாவுக்குத் தன் நாற்பது வயது வரைக்கும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் எடுக்க வழி இருக்கவில்லை.

சரி, இன்றைய ஏணி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

பதின்மூன்று வயதிலிருந்து சர்வதேச இளையோர் போட்டிகளில் ஆடலாம். பதினெட்டு வரை அந்தப் புள்ளிகள் தனி. அதற்குப் பிறகு ஆண்களுக்குக் கீழ்ப்படி எம்15, எம்25 என்ற போட்டிகள், பெண்களுக்கு டபிள்யூ15, டபிள்யூ35. அதற்கு மேலே ஆண்களுக்குச் சேலஞ்சர். அதற்கும் மேலே 250, 500, 1000 என்று பெயரிலேயே வெற்றியாளரின் புள்ளியைச் சுமக்கும் சுற்றுப்போட்டிகள். உச்சியில் அவுஸ்திரேலியா, பாரிஸ், விம்பிள்டன், நியூயோர்க் என்று நான்கு கிராண்ட்ஸ்லாம். அதில் ஒன்றை வென்றால் 2,000 புள்ளி. எம்15 ஒன்றை வென்றால் 15 புள்ளி. அந்த எம்15இல் முதல் சுற்றில் ஜெயித்தால் ஒரு புள்ளி, தோற்றால் ஒன்றும் இல்லை.

சேர்த்த புள்ளி நிலைத்திருக்கவும் மாட்டாது. 52 வாரத்தில் அது உதிர்ந்துவிடும். போன வருடம் இதே வாரம் எடுத்த புள்ளியை இந்த வருடமும் எடுத்தால்தான் இருந்த இடத்திலாவது இருக்கலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, அன்றைக்குக் கொழுந்து எடுத்தால்தான் பேர், அதாவது ஒரு நாள் கூலிக் கணக்கு, விழும். காய்ச்சலில் படுத்தால் பேர் இல்லை. டெனிஸ்காரருக்கும் அதே கணக்குத்தான். கணுக்கால் பிசகினால் அந்த வாரம் மட்டும் போகாது, போன வருடம் உழைத்த புள்ளியும் சேர்ந்தே போகும்.

இனி காசுக்கு வருகிறேன், ஏனென்றால் ஒரு டெனிஸ் தொழில் நிற்பதும் விழுவதும் இங்கேதான். எம்15 போட்டி ஒன்றின் மொத்தப் பரிசு 15,000 டொலர். ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 2,160 டொலர் கிடைக்கும். முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டொலர், அதிலும் வரி கழியும். டொலர் 300 ரூபா என்று வைத்தால் அது ஏறத்தாழ 47,000 ரூபா. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் இது 35 நாள் கூலி. கேட்கும்போது பெரிய தொகை மாதிரித் தெரியும். ஆனால் அந்த 156 டொலருக்காக அந்தப் பையன் துனீசியாவின் மொனாஸ்டிருக்கோ, துருக்கியின் அன்டால்யாவுக்கோ, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்குக்கோ போயிருப்பான். கீழ்ப்படிப் போட்டிகள் வாரக்கணக்கில் தொடர்ந்து நடக்கும் ஊர்கள் இவை. விமானக் கட்டணம், விசா, ஹோட்டல், சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றுவது எல்லாம் அவன் செலவு.

சர்வதேச டெனிஸ் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டின் கணக்கை வைத்து இதை ஆராய்ந்தது. பயிற்சியாளர் சம்பளத்தைச் சேர்க்காமலே ஓர் ஆண் வீரரின் சராசரி வருடச் செலவு 38,800 டொலர் என்று வந்தது. வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் 336ஆம் தரவரிசை, பெண்களில் 253. விளையாட்டின் நேர்மையைப் பற்றி 2018இல் அறிக்கை கொடுத்த சுயாதீனக் குழுவும் இதையேதான் வேறு விதமாகச் சொன்னது. தொழில்முறை என்ற பெயரில் ஆடுகிறவர்கள் ஏறத்தாழ 15,000 பேர், பயிற்சியாளர் செலவை விட்டுவிட்டாலும் கைக்காசு போகாமல் தப்புகிறவர்கள் 250 முதல் 350 பேர். ஆட்டத்தின் முடிவை விலைக்கு வாங்கும் சூதாட்டக்காரர்கள் ஏன் எப்போதும் கீழ்ப்படியில் போய் வலை விரிக்கிறார்கள் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

அந்த 38,800 டொலரை நம் பக்கத்துக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். இன்றைய ரூபாயில் ஒரு கோடியே 16 லட்சத்துக்கு மேல். அந்த 2024ஆம் ஆண்டு நாட்சம்பளத்தில் மாதம் 25 பேர் போடுகிற ஒரு தொழிலாளியின் வருடச் சம்பளம் 4,05,000. ஆக, ஒருவர் ஒரு வருடம் உலகம் சுற்றித் தோற்பதற்கு ஒரு அம்மா ஏறத்தாழ 29 வருடம் கொழுந்து எடுக்க வேண்டும். முதல் புள்ளி எடுத்த நாளிலிருந்து முதல் நூறு இடத்துக்குள் வர, வந்து சேருகிறவர்களுக்கே சராசரியாக நாலைந்து வருடம் பிடிக்கிறது.

இதனால்தான் கிரிக்கெட்டோடு டெனிஸை ஒப்பிடக் கூடாது என்று சொல்வேன். கண்டியில் பிறந்த நம் முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். அவர் கை, அவர் பொறுமை, எல்லாம் அவருடையது. ஆனால் பாடசாலை அணி, பிறகு கிளப் அணி, பிறகு நாட்டு அணி என்று ஒவ்வொரு படியிலும் ஒரு தெரிவுக்குழு இருந்தது. நாட்டுக்குத் தெரிவான பிறகு டிக்கெட்டும் ஹோட்டலும் சபையின் பொறுப்பு. டெனிஸில் தெரிவுக்குழு கிடையாது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், அது அதன் அழகு. ஆனால் போய்ச் சேருகிற செலவு அவரவர் தலையில். நம் தோட்டத்துப் பையன்களுக்கு டெனிஸ் பந்து நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சொப்ட்போல் கிரிக்கெட் அதில்தானே நடக்கிறது! பந்து கையில் இருக்கிறது, அந்தப் பந்துக்குரிய விளையாட்டு மட்டும் கைக்கு வரவில்லை.

நூறு என்ற எண்ணை எல்லாரும் ஏன் இவ்வளவு துரத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர். அதில் 104 பேர் தரவரிசைப்படி நேராக உள்ளே வருவார்கள், 16 பேர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வென்று வருவார்கள், 8 பேருக்கு நடத்துகிறவர்கள் தனி அழைப்புக் கொடுப்பார்கள். உள்ளே வந்து முதல் சுற்றிலேயே தோற்றாலும் 2025 விம்பிள்டனில் 66,000 பவுண். வருடத்துக்கு இப்படி நாலு தடவை. தொண்ணூறாம் இடத்துக்கும் நூற்றைம்பதாம் இடத்துக்கும் ஆட்டத்தில் இருக்கிற வித்தியாசம் மயிரிழை. வாழ்க்கையில் இருக்கிற வித்தியாசம் ஒரு வீடும், ஒரு பயிற்சியாளரும், ஒரு உடல்நலச் சிகிச்சையாளரும்.

கொஞ்சம் மாற்றம் வந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2019 முதல் சேலஞ்சர் போட்டிகளில் தங்குமிடத்தை நடத்துகிறவர்களே கொடுக்க வேண்டும். 2024இலிருந்து ஆண்கள் சுற்றில் முதல் 250 இடத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு குறைந்தபட்ச வருட வருமானத்துக்கு உறுதி கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. 250க்குக் கீழே இருப்பவரை அது தொடாது, அவருக்குத்தான் தேவை அதிகம்.

இந்த எண்களெல்லாம் ஒரு மனிதரின் வாழ்க்கையில் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க எனக்குக் கிடைத்த ஆள் சென்னை டெனிஸ் வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மலைக்காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு புரியும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கிற காற்று குறைந்தால் பந்து வேகம் குறையாமல் நீளமாகப் போகும். கொழும்பில் கோட்டில் விழுகிற அடி இங்கே கோட்டைத் தாண்டும். பந்தைச் சுழற்றி அடித்தால் அதை வளைத்து இறக்குவதும் காற்றுத்தான், அதனால் சுழலும் முழுசாகப் பிடிக்காது. வெளியே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் பந்தின் உள்ளழுத்தம் ஓங்கி நிற்கும், துள்ளல் கூடும். விதிப்புத்தகத்திலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது. 1,219 மீட்டருக்கு மேலே ஆடினால் துள்ளல் குறைந்த தனிப் பந்தைப் பயன்படுத்தலாம். சாதாரணப் பந்தை 254 சென்ரிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 வரை எழும்ப வேண்டும், மலைப்பந்து 122 முதல் 135 வரை எழும்பினால் போதும். நுவரெலியா மட்டுமல்ல, ஹட்டனும் அந்த உயரக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. தாத்தா இதையெல்லாம் படிக்கவில்லை. ஆனால் கீழ்நாட்டிலிருந்து வருகிற துரைமார் முதல் நாள் எல்லாப் பந்தையும் வெளியே அடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் பழைய பந்தாகப் பொறுக்கி எடுத்து வைப்பாராம்.

உயரம் சிலருக்குப் பகை, சிலருக்கு உறவு. ஈக்குவடோர் தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர். அங்கே 2015 முதல் நான்கு வருடம் சுற்றுப்போட்டி நடந்தது. அதில் முதல் மூன்று வருடமும் வென்றவர் டொமினிக்கன் குடியரசின் விக்டர் எஸ்ட்ரெயா புர்கோஸ். முதல் பட்டம் வென்றபோது அவருக்கு 34 வயது. மெல்லிய காற்றில் எப்படி ஆடுவது என்று தெரிந்தவருக்கு அந்த வயதிலும் ஒரு வாசல் திறந்தது.

இப்போது பிரஜ்னேஷ். 1989இல் பிறந்தவர், இடதுகைக்காரர். ஒருவருக்குத் தொழில் சூடுபிடிக்க வேண்டிய இருபதுகளின் முதல் பாதி அவருக்கு முழங்காலில் போயிற்று. முழங்கால் எலும்பில் அழுத்த முறிவு, ஆறிவந்தால் மறுபடி முறிவு. நான் முன்னே சொன்ன 52 வாரக் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். திரும்பி வரும்போதெல்லாம் அடிப்படியிலிருந்து ஏற வேண்டும். அந்த வயதில் நின்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர் தாக்குப்பிடித்ததற்கு மனவுறுதி ஒரு காரணம், குடும்பம் தாங்கியது இன்னொரு காரணம். ஜெர்மனியில் அலெக்சாண்டர் வாஸ்கேயின் பயிற்சிக்கூடத்தில் பயின்றார். தாங்க ஆள் இல்லாத ஒருவருக்கு அதே முழங்கால், அதே உறுதி இருந்தாலும் கதை 22 வயதில் முடிந்திருக்கும்.

2018 ஏப்ரல் கடைசியில், 28 வயதில், அவர் தன் முதல் சேலஞ்சர் பட்டத்தை வென்றார். எங்கே தெரியுமா? சீனாவின் யுன்னான் மாநிலத்தில், குன்மிங் நகருக்குப் பக்கத்து அன்னிங்கில். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். செம்மண் கோர்ட். இறுதியில் எகிப்தின் முகமது சஃப்வத்திடம் முதல் செட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த இரண்டையும் எடுத்தார். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நடக்கிற அதே நாட்களில், நுவரெலியாவின் உயரத்தில், நுவரெலியாவில் இருப்பது போன்ற ஒரு மண் தரையில், தமிழ் பேசும் ஒருவர் தன் தொழிலின் திசையை மாற்றிக்கொண்டார். இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் எழும்பி வாசலுக்குப் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு படிகள் சரசரவென்று வந்தன. ஜூனில் ஸ்டுட்கார்ட் புல்தரையில், தகுதிச் சுற்றிலிருந்து வந்து, அப்போது முதல் முப்பது இடத்துக்குள் இருந்த கனடாவின் டெனிஸ் ஷபோவலோவை வென்றார். ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம். நவம்பரில் பெங்களூர் சேலஞ்சர் பட்டம். 2019 ஜனவரியில் மூன்று தகுதி ஆட்டம் வென்று அவுஸ்திரேலிய ஓபனில் நுழைந்தார், முதல் சுற்றில் பிரான்சிஸ் டியாஃபோவிடம் தோற்றார். மார்ச்சில் இந்தியன் வெல்ஸில் பெனுவா பேர், பசிலஷ்விலி இருவரையும் வென்றார். ஏப்ரல் 22இல் உலகத் தரவரிசை 75. அந்த வருடம் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் ஆடினார், நான்கிலும் முதல் சுற்றிலேயே தோற்றார். பாரிஸில் டெலியென், விம்பிள்டனில் ரவோனிச், நியூயோர்க்கில் மெத்வெதேவ்.

நான்கிலும் தோற்றார் என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். அந்த நான்கு தோல்விகளுக்குக் கிடைத்தது அவுஸ்திரேலியாவில் 75,000 அவுஸ்திரேலிய டொலர், பாரிஸில் 46,000 யூரோ, விம்பிள்டனில் 45,000 பவுண், நியூயோர்க்கில் 58,000 அமெரிக்க டொலர். எம்15 பட்டம் ஒன்றுக்கு 2,160 டொலர் என்பதை இதன் பக்கத்தில் வையுங்கள். வருடம் முழுக்க வாரம் தவறாமல் எம்15 பட்டம் வென்றாலும் இந்த நாலு தோல்வியின் காசை எட்ட முடியாது. டெனிஸில் ஒருவர் எங்கே தோற்கிறார் என்பதுதான் அவர் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. நல்ல இடத்தில் தோற்கும் உரிமையை வாங்குவதற்காகத்தான் பத்து வருடம் மோசமான இடங்களில் தோற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து வருடத்துக்கு யார் காசு கொடுப்பது?

பிரஜ்னேஷ் 2024 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். முதல் நூறுக்குள் அவர் இருந்தது ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. அது மதிப்புக் குறைந்த தொழில்வாழ்க்கை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலுடன் அங்கே போய்ச் சேர்ந்தவரை நான் என் மகனுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறேன்.

சரி, குடும்பத்தில் காசு இல்லாவிட்டால் வழியே இல்லையா? இரண்டு சிறு கதவுகள் உண்டு. ஒன்று, கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் 1986 முதல் நடத்தும் மேம்பாட்டு நிதி. வசதி குறைந்த நாடுகளின் இளையவர்களுக்கு அது பயணக் குழுவாகவும் உதவித்தொகையாகவும் வருகிறது. ஆனால் அதன் கண்ணில் பட ஏற்கெனவே சர்வதேச இளையோர் புள்ளி கொஞ்சம் வேண்டும். இன்னொன்று அமெரிக்கப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில். அதை நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் ஆட்டம் கைகொடுக்காவிட்டாலும் ஒரு பட்டம் மிஞ்சும். இந்திய வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். 2009இல் சென்னை ஓபன் இறுதிக்கு வந்தார். பிறகு 62ஆம் இடம் வரை உயர்ந்தார். இந்த வழிக்கு நல்ல ஆங்கிலமும் பரீட்சைப் பெறுபேறும் தேவை. தோட்டப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியருக்கு வருடக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பே அப்படித்தான் இருந்தது. ஆகவே இந்தக் கதவின் சாவி டெனிஸ் கோர்ட்டில் மட்டும் இல்லை.

மலையில் பிறந்தால் முடியாது என்று யாராவது சொன்னால் நான் கொபவோனிக்கைச் சொல்வேன். சேர்பியாவின் மலையூர் அது. அங்கே பீட்சா கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு எதிரே டெனிஸ் கோர்ட் போட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த பையனை எலெனா கென்சிச் என்ற பயிற்சியாளர் உள்ளே அழைத்தார். அவனுக்கு அப்போது ஆறு வயது. பன்னிரண்டு வயதில் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், அப்பா கடன்பட்டார். நோவக் ஜோகோவிச்சுக்கு வீட்டெதிரே கோர்ட் வந்தது தற்செயல். நமக்கு அது 140 வருடத்துக்கு மேல் இருக்கிறது. வேலிக்கு வெளியே பிள்ளைகளும் நின்றார்கள். "உள்ளே வா" என்று கூப்பிடத்தான் ஆள் வரவில்லை.

மழையும் இருக்கிறது. மே பிறந்தால் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மண் கோர்ட் வாரக்கணக்கில் காயாது. இளம் பிள்ளைக்கு வாரம் ஐந்தாறு நாள் பந்து படவேண்டிய காலத்தில் அது பெரிய இடைவெளி. கூரையுள்ள ஒரு கொங்கிறீட் தரை, ஒரு சுவர், அவ்வளவு இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

போன ஏப்ரலில் ஒரு பழைய பெரிய துரை பங்களாவுக்குப் போயிருந்தேன். இப்போது அது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. கோர்ட் அப்படியே இருக்கிறது. அதைப் பராமரிக்கிறவர் பக்கத்து லயத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். விடுதியில் ஆட்கள் எழும்புவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு, தன் மகளை அங்கே ஆட விடுகிறார். பொறுப்பாளர் பார்த்தும் ஒன்றும் சொல்வதில்லையாம். மகளுக்குப் பதினொரு வயது. விருந்தாளி ஒருவர் விட்டுப்போன ராக்கெட் அவளுக்குக் கொஞ்சம் பாரம், அதனால் இரண்டு கையாலும் பிடித்து அடிக்கிறாள்.

"அண்ணே, இந்தப் புள்ளி புள்ளிங்கிறாங்களே, அது எந்த வயசில இருந்து சேரும்?" என்று கேட்டார்.

"பதின்மூணு."

"அப்ப ரெண்டு வருஷம் இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "பாஸ்போர்ட்டுக்குப் பொறப்புச் சான்றிதழ்ல ஒரு எழுத்துப் பிழை இருக்கு. அத மொதல்ல திருத்தணும்." அதன் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். கொழும்பில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி வருகிறதாம், ஹட்டனிலிருந்து இரவு பஸ் எடுத்தால் காலையில் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

பிறகு வாளியிலிருந்த பழைய பந்துகளோடு வலைக்கு அந்தப் பக்கம் போனார். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. அவர் பந்தை மகளின் இடுப்புக்கு நேராகப் போடவில்லை. இடது மூலைக்குப் போட்டார், அவள் ஓடி எடுத்தாள். அடுத்ததை வலது மூலைக்கு, கோட்டுக்குப் பக்கத்தில். அது அவளுக்கு எட்டவில்லை.

"இன்னொண்ணு போடுங்கப்பா," என்றாள்.